கைக்குத் தெரிந்த பாரம்

இன்று மார்ச் ஒன்பதாம் திகதி. எனக்கு எழுபத்தெட்டு வயதும் இரண்டு மாதமும். காலையில் தண்ணீர்க் கலனைக் கேற்றிலிருந்து குசினிவரை தூக்கிவந்தேன். இறக்கி வைத்த பிறகும் நெஞ்சு அடங்கவில்லை. கதிரையில் இருக்கிறேன், எழுகிறேன், மறுபடி இருக்கிறேன். இந்த மடலையும் அப்படித்தான் எழுதுகிறேன், அண்ணன்.

இதற்கான விளக்கத்தைப் பல்கலைக்கழகத்தில் படித்தவள் நான். தசைக்குள் இருக்கும் நரம்புமுனைகள் சும்மா இருப்பதில்லை. பாரம் எவ்வளவு என்று சொல்வதும் அவைதாம். உழைப்பில் சேரும் கழிவை உணர்ந்து, இதயத்தை விரையவைத்து, இரத்த அழுத்தத்தை ஏற்றுவதும் அவைதாம். பழுதடைந்த இதயமென்றால் அந்த ஏற்றம் அளவு மீறும். உங்களுக்கு நெஞ்சுவலி வந்த பின் இதைச் சொல்லிச் சொல்லி என் வாய்தான் நொந்தது. கரையில் வரிசையாக நின்று பலர் இழுக்கும் கரைவலைக் கயிற்றைத் தொடவே கூடாதென்று புத்தளத்து டொக்டரும் சொன்னார். அவருக்குத் தலையாட்டிவிட்டு, மறுநாளே கற்பிட்டிக் கரையில் கயிறு பிடித்தீர்கள்.

“கயிறு புடிக்காத சம்மாட்டிய ஆரு மதிப்பான்? நீ ஒன்ட நரம்பப் படிச்சிக்கொண்டு நிழல்ல இரு, தங்கச்சி.”

நீங்கள் சம்மாட்டி, வலைக்குச் சொந்தக்காரர்; உங்கள் கைக்கு அந்தக் கரையில் ஒரு பெயர் இருந்தது. உங்களுக்கு அதில் தற்பெருமையும் இருந்தது. வலை கரையேறுமுன்பே, கயிற்றின் இழுவையைக் கொண்டு உள்ளே எவ்வளவு மீன் என்று சொல்லிவிடுவீர்கள். அந்தச் சொல்லை நம்பித்தான் வியாபாரி ஐஸ் லொறியை நிறுத்திவைப்பார்.

ஒரு நாள் பாதி இழுவையில், இன்றைக்கு ஒன்றுமில்லை என்று லொறியைத் திருப்பி அனுப்பினீர்கள். வலை ஏறியபோது அதன் மடிப்பை நிறையச் சூடை மீன். மதுரங்குளியிலிருந்து வேறு லொறி வந்து சேர்வதற்குள் பாதி வெயிலில் கெட்டது.

“சம்மாட்டிட கைக்கும் கண்ணாடி போடோணும்” என்றான் கயிற்றில் நின்ற ஒருவன். எல்லோரும் சிரித்தார்கள். உங்கள் மகன் மட்டும் சிரிக்காமல் என்னைப் பார்த்தான்.

நீங்கள் மணலில் குந்தியிருந்து உள்ளங்கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தீர்கள். “கை செத்துப் போச்சு, தங்கச்சி. நீ சொல்ற நரம்பெல்லாம் செத்துப் போச்சு.”

அதன்பின் நீங்கள் கயிற்றைத் தொடவில்லை. நான் கேட்டதும் அதுதானே. சில வருடங்கள் கூடுதலாக இருந்தீர்கள், மீனைப் பற்றி யாரும் எதுவும் கேட்காத மனிதராக. ஒரு பிற்பகல், தேநீர் குடித்துவிட்டுச் சாய்ந்தவர் எழவில்லை.

இனி வைத்திருக்க முடியவில்லை, சொல்லிவிடுகிறேன். லொறியைத் திருப்பி அனுப்பிய அன்றுதான் முதல் தடவையாக, கயிற்றில் உங்களுக்கு முன்னால் நின்றவர்கள் பாரம் முழுவதையும் தாங்களே தாங்கிக்கொண்டு, உங்கள் கைக்குத் தளர்ந்த கயிற்றை விட்டார்கள். அப்படிச் செய்யும்படி உங்கள் மகனிடம் சொன்னது நான். உங்கள் கையில் அன்று பாரம் இருக்கவில்லை, அண்ணன். கை அதைச் சரியாகத்தான் சொன்னது.