எடுத்து வைத்த துண்டு

அன்புள்ள மகளுக்கு,

அப்பா எழுதுகிறேன். கையெழுத்தைப் பார்த்ததும் கிழித்துப் போட்டுவிடாதே. கிழிப்பதானால் கடைசி வரை படித்துவிட்டுக் கிழி. உங்கம்மா உயிரோடு இருக்கிறாள். இந்த நிமிஷம் பக்கத்து அறையில் உட்கார்ந்து என் வேலைச் சட்டைக்குப் பட்டன் தைத்துக்கொண்டிருக்கிறாள். அதை முதலில் சொல்லிவிட்டேன், மற்றதை மெதுவாகப் படி.

இது இரண்டு வருஷத்துக்கு முந்தைய விலாசம். நீ இன்னும் அங்கேதான் இருக்கிறாயா, வீடு மாறிவிட்டாயா, எனக்குத் தெரியாது. என்னிடம் வேறு விலாசம் இல்லை.

அம்மாவுக்குத் தொண்டையில் கட்டி. ஐந்து மாதத்துக்கு முன்னால் ஆபரேஷன் செய்து குரல்வளையை எடுத்துவிட்டார்கள். இனிமேல் பேச்சு கிடையாது. ஒரு சின்ன வெள்ளைப் பலகையும் பேனாவும் வைத்துக்கொண்டு எழுதிக் காட்டுகிறாள். பேசிய காலத்தில் என்னைத் திட்டியதைவிட இப்போது எழுதித் திட்டுவதுதான் அதிகம். அதில் குறை ஒன்றும் இல்லை. சாப்பாடுதான் இறங்க மாட்டேன் என்கிறது. கதிர்வீச்சுச் சிகிச்சைக்குப் பிறகு தொண்டை சுருங்கிவிட்டது. சூப்பும் பாலும் மட்டும் குடித்துக் குடித்து, ஐம்பத்திரண்டு கிலோ இருந்தவள் முப்பத்தொன்பதுக்கு வந்துவிட்டாள். முப்பத்தெட்டுக்குக் கீழே போனால் வயிற்றில் துளை போட்டுக் குழாய் வைப்போம் என்று டாக்டர் சொல்லிவிட்டார். அம்மா பலகையில் "கொழாய் வேணாம்" என்று எழுதி அவர் மேஜைமேல் வைத்துவிட்டு வெளியே போய்விட்டாள். அவள் பிடிவாதம் உனக்குத் தெரியாததா.

ஆஸ்பத்திரியில் டயட்டீஷியன் ஒரு தாள் கொடுத்தார். வழுக்கிக்கொண்டு இறங்குகிற, சத்தும் உள்ள சாப்பாடு என்று ஏழெட்டு எழுதியிருந்தது. நாலாவது வரியில் டோஃபு, சோயாப் பால் பனீர். கடையில் வாங்கிப் பார்த்தேன், ரப்பர் துண்டு மாதிரி இருந்தது. ஜப்பான்காரர்கள் வீட்டில் செய்கிற மெத்தென்ற வகை வேண்டும், அதை நீங்களே செய்தால்தான் உண்டு என்றார் அவர். அதைக் கேட்டதும் எனக்கு என் டூல்ஸ் பெட்டிதான் ஞாபகத்துக்கு வந்தது.

ஏன் என்று சொல்கிறேன். இரண்டு வருஷத்துக்கு முன்னால் உன் பார்சல் வந்தது, மகளே. அம்மா பெயருக்கு நீ அனுப்பியது. அன்று அவள் மொட்டை மாடியில் துணி காயப் போட்டுக்கொண்டிருந்தாள். கையெழுத்துப் போட்டு வாங்கியவன் நான். பிரித்தேன். மெல்லிய துணி ஒன்று, சோயாப் பாலை உறைய வைக்கிற கசப்பு உப்புப் பாக்கெட் ஒன்று, உன் அறைத்தோழியான ஜப்பான் பெண் சொல்லிக் கொடுத்த டோஃபு செய்முறை நாலு பக்கம். கடைசியில், "அம்மா, செஞ்சு பாரு. பிடிச்சிருந்தா ஒரு வரி எழுதிப் போடு" என்று எழுதியிருந்தாய். உறைமேல் விலாசம். எல்லாவற்றையும் என் டூல்ஸ் பெட்டியின் அடித்தட்டில் வைத்துப் பூட்டினேன்.

கல்யாணத்துக்குப் பத்து நாள் இருக்கும்போது நீ வேண்டாம் என்றாய். பத்திரிகை கொடுத்த வீடுகளுக்கெல்லாம் திரும்பப் போய்த் தலைகுனிந்து நின்றவன் நான். அந்த ஆத்திரத்தில்தான் மாடிப்படியில் நின்று, போனவ போனவளாவே இரு என்று கத்தினேன். பார்சல் வந்தபோது அது நடந்தே ஒரு வருஷம் ஆகியிருந்தது. ஆத்திரம் என்ன ஆத்திரம். வறட்டுக் கௌரவம், வேறென்ன.

இதைவிடப் பெரிய பாவம் ஒன்று இருக்கிறது. ஆபரேஷனுக்கு உள்ளே கொண்டுபோகும்போது அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு, "அவ விலாசத்தை எப்படியாவது விசாரிங்க" என்றாள். அவள் குரலில் நான் கேட்ட கடைசி வாக்கியம் அது. விலாசம் என் பெட்டியில் இருந்தது. பார்க்கலாம் என்றேன்.

சரி. டோஃபு. சோயாவை ஊறவைத்து, அரைத்து, கொதிக்கவிட்டு, உன் துணியில் வடிகட்டிப் பாலைப் பிழிய வேண்டும். முதல் தடவை அடுப்பில் பொங்கிய நுரை தரை வரைக்கும் வழிந்தது. என் கூட வேலை செய்தானே, கிரீஸ் என்று கூப்பிடுவோமே, அவன் அன்று வீட்டுக்கு வந்து, பதினாலு மாடிக்கு லிஃப்ட் ஏத்தி இறக்கினவனுக்கு ஒரு குண்டான் பாலை இறக்கத் தெரியலையே என்று சிரித்துவிட்டுப் போனான்.

இரண்டாவது தடவைதான் மோசம். பால் எழுபத்தைந்து டிகிரிக்கு ஆறியதும் உப்புக் கரைசலை விட வேண்டும் என்று எழுதியிருந்தாய். லிஃப்ட் மோட்டார் சூட்டைப் பார்க்கிற துப்பாக்கி மாதிரியான கருவி என்னிடம் இருக்கிறதே, அதை நீட்டினேன். எழுபத்து நாலு காட்டியது. அது மேலே நின்ற நுரையின் சூடு. அடியில் பால் தளதளவென்று இருந்திருக்கிறது. இரண்டே சுற்று கிண்டு, மூடு, இருபது நிமிஷம் தொடாதே என்றும் எழுதியிருந்தாய். எனக்கா கை சும்மா இருக்கும்? மூடியைத் திறந்து திறந்து கிண்டினேன். எல்லாம் திரிதிரியாகப் போய்விட்டது. அப்படியும் அம்மா எனக்காக ஒரு ஸ்பூன் சாப்பிட்டாள். தொண்டையில் நின்றுவிட்டது. அரை மணி நேரம் அவள் பட்ட பாட்டைப் பார்த்துக்கொண்டு முதுகைத் தடவுவதைத் தவிர என்னால் ஒன்றும் செய்ய முடியவில்லை. அந்த வாரம் எடை முப்பத்தெட்டரை.

மூன்றாவது தடவை நுரையை எடுத்துவிட்டு, பாலுக்குள் விடுகிற கருவியால் சூடு பார்த்தேன். இரண்டு சுற்று கிண்டி மூடினேன். கை பரபரத்தது. அம்மா எழுந்து போய், என் பழைய வேலைப் பையிலிருந்து ஒரு தகட்டை எடுத்து வந்து மூடியின் பிடியில் மாட்டினாள். லிஃப்ட் ரிப்பேர் செய்யும்போது சுவிட்சில் தொங்கவிடுவோமே, "வேலை நடக்கிறது, தொடாதீர்கள்" என்று, அதுதான். இருபது நிமிஷமும் நான் அந்தத் தகட்டையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

திறந்தால் வெள்ளை வெளேரென்று, தட்டினால் ஆடுகிறது. அம்மா அரைக் கிண்ணம் சாப்பிட்டாள். ஒரு இடத்திலும் அடைக்கவில்லை. மிச்சத்தையும் வழித்துச் சாப்பிட்டுவிட்டு, பலகையை எடுத்து, "யாரு சொல்லிக் குடுத்தா?" என்று எழுதினாள். முன்பு கேட்டபோது ஆஸ்பத்திரித் தாள் என்று புளுகியிருந்தேன். அந்த முகத்தைப் பார்த்து இன்னொரு பொய் வரவில்லை. பெட்டியைத் திறந்து உன் கடிதத்தை எடுத்துக் கொடுத்தேன். உறைமேல் இருந்த தேதியை அவள் விரல் வைத்துப் படித்தாள்.

அதற்குப் பிறகு மூன்று நாள் என்னோடு பேசவில்லை. பேச முடியாதவள் பேசாமல் இருந்தது எப்படித் தெரியும் என்று கேட்பாய். பலகையைக் கொண்டுபோய் அலமாரி உச்சியில் வைத்துவிட்டாள். நான் மன்னிப்புக் கேட்டேன். மூலையில் உட்கார்ந்து மறுபடியும் கேட்டேன். திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. அவள் செய்தது சரி.

நேற்று வியாழக்கிழமை, நாலாவது தடவை செய்தேன். வெட்டித் தண்ணீரில் விட்டுக்கொண்டிருக்கும்போது நாற்காலி போட்டு ஏறிப் பலகையை இறக்கினாள். எழுதி என் முன்னால் நீட்டினாள்: "அவளுக்கு ஒரு துண்டு எடுத்து வைங்க."

எடுத்து வைத்திருக்கிறேன். தினமும் தண்ணீர் மாற்றினாலும் நாலு நாள்தான் தாங்கும் என்று நீயே எழுதியிருக்கிறாய். இந்தக் கடிதம் உனக்கு வந்து சேரவே ஒன்பது நாள் ஆகுமாம். அதனால் இந்தத் துண்டு உனக்கு இல்லை. அடுத்த வியாழக்கிழமை செய்வதிலும் ஒன்று எடுத்து வைப்பேன். அதற்கடுத்த வியாழனும் வைப்பேன்.

எடை இப்போது முப்பத்தொன்பதே கால். குழாய்ப் பேச்சை டாக்டர் நிறுத்திவிட்டார். ஆனால் மூன்று மாதம் கழித்து வரச் சொல்வார் என்று நினைத்தேன், பதினைந்து நாளிலேயே வரச் சொல்லியிருக்கிறார். ஏன் என்று நான் கேட்கவில்லை. அம்மாவும் கேட்கவில்லை.

கசப்பு உப்பு இன்னும் ஐந்தாறு தடவைக்குத்தான் வரும். இங்கே எங்கும் கிடைக்கவில்லை. ஒரு பாக்கெட் வாங்கு. பார்சலில் அனுப்பாதே. இந்த வீட்டில் பார்சல் வாங்குகிறவன் எப்படிப்பட்டவன் என்று உனக்கு இப்போது தெரியும். உன் கையாலேயே கொண்டு வந்து உங்கம்மா கையில் கொடு. கதவைத் தட்ட வேண்டியதில்லை, சும்மாதான் சாத்தியிருக்கும்.

நீ எங்கே இருந்தாலும் நோய் நொடி இல்லாமல் நல்லபடியாக இருக்க வேண்டும்.

மன்னிக்கச் சொல்லிக் கேட்க வாய் வராத,
அப்பா