ஓடைக்கு இந்தப் பக்கம்

ஆகஸ்ட் 19

கடல் மூடுபனி விலகவே பத்து மணியாகிவிட்டது. திராட்சை இன்னும் பல் கூசும் புளிப்பு. கோழித் தீவனம் தீர்ந்துவிட்டது.

தீவனம் வாங்கப் போகும் வழியில் புதுப் பலகையைப் பார்த்தேன். 'ஸ்டில்வெல் கடற்கரை — அரசு அங்கீகரித்த ஒயின் வட்டாரம். நல்வரவு.' பாலத்துக்கு அந்தப் பக்கம் நின்றுகொண்டு, என் வீட்டு வாசலைப் பார்த்து நல்வரவு சொல்கிறது.

இந்தப் பெயருக்காக ஆறு வருடம் வரைபடமும் கையுமாக அலைந்தவன் என் தம்பி சில்வியோ. எல்லைக்கோட்டை ஓடையின் மேல் போட்டவனும் அவன்தான். அப்பா எங்களுக்குப் பிரித்துக் கொடுத்தது ஒரே மலைச்சரிவு, நடுவில் ஓடை. அவன் கொடிகள் உள்ளே, என் கொடிகள் வெளியே. வட்டாரத்தின் பெயரை அவன் புட்டியில் அச்சடிக்கலாம், நான் கூடாது.

"எங்கயாவது கோடு போட்டுத்தானே ஆகணும்க்கா? மூடுபனிக் குளிர்ச்சியை வெச்சுத்தான் வட்டாரம், அது ஓடையைத் தாண்டி நிக்கிறதில்ல" என்றான் மார்ச் மாதம். அதற்குப் பிறகு நான் அவனோடு பேசவில்லை.

செப்டம்பர் 4

வெயில். மூடுபனி கடலைவிட்டு எழவே இல்லை. கொடிகள் வாடி நிற்கின்றன.

செப்டம்பர் 6

சில்வியோவின் மகள் ரெனாட்டா முட்டை வாங்க வந்தாள். முட்டைக்காக வரவில்லை என்று தெரியும்.

"அப்பா சனிக்கிழமை வரைக்கும் பறிக்கக் கூடாதுன்னுட்டாரு அத்தை. பேர் கிடைச்சப்புறம் முதல் அறுவடையாம். ஒயின் சங்கத்துக்காரங்க எல்லாம் வராங்களாம், போட்டோ எடுக்கணுமாம்."

"இந்த வெயில்லயா?"

"நீங்க ஒரு வார்த்தை சொன்னா கேப்பாரு."

திராட்சை கேமராவுக்காகக் காத்திருக்குமா? ஒரு நாள் வெயிலில் சர்க்கரை எகிறிவிடும். அவனுக்கும் தெரியும். தெரிந்தே செய்கிறவனுக்கு நான் எதற்குச் சொல்ல வேண்டும்? அவன் வந்து கேட்கட்டும்.

செப்டம்பர் 9

சனிக்கிழமை. அந்தப் பக்கம் அக்கார்டியன் வாசித்தார்கள். ஜன்னலைச் சாத்தினேன்.

செப்டம்பர் 19

என் பறிப்பு முடிந்தது. வழக்கம்போல அவனுக்குப் பிந்தித்தான். குளிர்ச்சி இல்லாமலா என் சரிவு பிந்திப் பழுக்கிறது? கோடு போட்டவர்களைக் கேட்க வேண்டும்.

இரண்டு மரத்தொட்டிகள் நிறைந்தன.

செப்டம்பர் 23

காலையில் கொட்டகைக் கதவைத் திறந்ததும் வாசனை. இரண்டு தொட்டியும் பொங்கத் தொடங்கிவிட்டன. கடை ஈஸ்டை நான் போடுவதில்லை. பழத்தோலில் இருப்பதே போதும். மேலே மிதந்து வரும் தோலைக் கட்டையால் அமுக்கினேன். தோள் வலிக்கிறது. எண்பத்தோரு வயதுத் தோள், வலிக்கட்டும்.

செப்டம்பர் 25

ரெனாட்டா மறுபடி வந்தாள். முட்டைக் கூடையைக்கூட எடுத்து வரவில்லை.

"நின்னுடுச்சு அத்தை. மூணு நாளா நொதிக்கவே இல்ல. சர்க்கரை அப்படியே கிடக்கு. அப்பா தொட்டி பக்கத்துல நாற்காலி போட்டு உக்காந்திருக்காரு. சாப்பிட வர மாட்டேங்கிறாரு."

எனக்குப் புரிந்துவிட்டது. சர்க்கரை மிஞ்சிப் போனால் ஈஸ்ட் பாதி வழியில் சாகும். அப்படியே விட்டால் இனிப்பாகக் கிடந்து கடைசியில் வினிகர். வட்டாரத்தின் பெயர் போட்டு வரவேண்டிய அவனுடைய முதல் ஒயின்.

"கடை ஈஸ்ட் போட்டுப் பாத்தானா?"

"ரெண்டு தடவை."

நல்லா வேணும் அவனுக்கு. எழுதிவிட்டேன், கோடு போட்டு அடிக்கப்போவதில்லை. ஆனால் அவன் சாப்பிடவில்லை என்கிறாள். அம்மா செத்த வாரமும் இப்படித்தான் சாப்பிடாமல் கிடந்தான், ஒன்பது வயதுப் பையன். நான்தான் ஊட்டினேன்.

செப்டம்பர் 26

போனேன். பொங்குகிற சாற்றை வாளிகளில் நிரப்பி, வண்டியில் வைத்து, பாலம் தாண்டினேன். உயிரோடு இருக்கும் சாற்றை ஊற்றினால் நின்றுபோனது எழுந்துகொள்ளும். ஒரேயடியாக ஊற்றக் கூடாது. முதலில் அவன் ஒயினில் கொஞ்சம் எடுத்து என் வாளியில் கலந்து பழக்க வேண்டும்.

அவன் நாற்காலியைவிட்டு எழவில்லை. மெலிந்து போயிருக்கிறான்.

"உனக்காக வரல. ஒயினுக்காக வந்தேன்" என்றேன்.

"சரிக்கா."

"போட்டோ நல்லா வந்துச்சா?"

"கண்ணை மூடிட்டு நிக்கிறேன்" என்றான்.

சிரிப்பை அடக்கிக்கொண்டேன்.

நூறில் எண்பத்தைந்து பங்கு கோட்டுக்குள் விளைந்திருந்தால் போதும், பெயர் போடலாம் என்பது சட்டம். மீதிப் பதினைந்துக்குள் என் சாறு அடங்க வேண்டும். தொட்டியின் பக்கத்தில் சாக்குக்கட்டியால் அளவு கீறினேன். "இதுக்கு மேல ஒரு சொட்டு கிடையாது" என்றேன். பின்வாசல் வழியாக என் திராட்சையை உள்ளே விடுவதாகத்தான் மனசு குத்தியது. அவனிடம் சொல்லவில்லை.

செப்டம்பர் 29

நுரை வந்தது. தொட்டியில் காதை வைத்துக் கேட்டான். எனக்குக் காது மந்தம், அவன் முகத்தைப் பார்த்துத் தெரிந்துகொண்டேன். இரண்டு தட்டு சூப் குடித்தான்.

அக்டோபர் 2

வேகம் குறைந்துவிட்டது. கம்பளி சுற்றிச் சூடாக்கிவிட்டு இரண்டு நாள் பொறுத்துப் பார்க்கலாம் என்றேன்.

"இன்னும் கொண்டு வாக்கா."

"கீறின அளவுக்கு வந்தாச்சுடா. இன்னொரு வாளி ஊத்துனா பேர் போட முடியாது."

"கொண்டு வா."

"பொறுத்துப் பாத்தா என்ன? கம்பளியிலயே சரியாயிடும்."

"சரியாகலன்னா? செத்த ஒயினுக்குப் பேர் எதுக்கு?"

நான் அசையவில்லை. அவனே ரெனாட்டாவைக் கூட்டிக்கொண்டு என் கொட்டகைக்குப் போய், நான் சாறு எடுத்த அதே தொட்டியில் மிச்சமிருந்ததை முழுக்க அள்ளி வந்துவிட்டான். மார்ச்சுக்குப் பிறகு இன்றுதான் என் வாசல் மிதித்திருக்கிறான். நான் இல்லாத நேரம் பார்த்து.

அக்டோபர் 11

சர்க்கரை சுத்தமாகத் தீர்ந்தது. நல்ல ஒயின். இதுவரை அவன் தனியாகப் போட்டதைவிட நல்லது என்றேன். மறுக்கவில்லை.

ஜூன் 11

புட்டியில் அடைத்து, ஒன்றை எடுத்துவந்து மேசையில் வைத்தான். கண்ணாடியைத் தேடிப் போட்டுக்கொண்டு படித்தேன். வட்டாரத்தின் பெயர் இல்லை. மாவட்டத்தின் பெயர் மட்டும், என் புட்டிகளில் இருப்பதுபோலவே.

"முட்டாள். ஆறு வருஷம் அலைஞ்சது இதுக்கா?"

"அடுத்த வருஷம் போட்டுக்கலாம்."

"அடுத்த வருஷம் நாம இருக்கணுமே."

"ஒருத்தர் இருந்தா போதும்க்கா."

கம்பளியில் சரியாகியிருக்கும். நிச்சயமாகச் சரியாகியிருக்கும். அவசரக்காரன், கையில் இருந்த பெயரைத் தொலைத்துவிட்டு உட்கார்ந்திருக்கிறான். சங்கத்தில் அத்தனை பேர் புட்டியிலும் இருக்கும், இவன் புட்டியில் மட்டும் இருக்காது. எனக்கு ஆறவே இல்லை. இந்தத் தடவை நிஜமாகவே பேசப்போவதில்லை.

ஞாயிற்றுக்கிழமைக்கு முயல் கறி ஊறப் போட்டிருக்கிறேன், அந்த ஒயினில்தான். சோளக் களி இரண்டு பேருக்குக் கிண்ட வேண்டும்.