கூடை மண்ணும் குடத்து ஓலையும்

நீர் நிறைக, நெல் விளைக. நெடுவாவி நாட்டுக்குக் காவலரும், கெட்டபின் வருந்துபவருமாகிய இளவெயினக் கோமான் திருவாய் மலர்ந்தருள, ஓலை எழுதுவான் காரி கண்ணன் எழுதியது. ஆற்றின் கீழ்க்கரைச் செங்கரை நாட்டை ஆண்டருளும், பகைவரும் புகழும் பெருங்கொற்றக் கோமான் திருமுன் வைக்கத்தக்கது. தங்கள் கோட்டையும் குதிரைகளும் நலமே இருக்க.

நிற்க. எம் ஏரி வாரியத் தலைவரைக் குடவோலையால் தேர்வது தாங்கள் அறிந்ததே. பெயர் எழுதிய ஓலையைக் குடத்தில் இட்ட கை, மழைக்கு முன் ஒரு கூடை மண்ணை ஏரிக்கரையில் இட வேண்டும். ஓலை இடாத கை கரையில் மண் இடலாகாது. இது முன்னோர் வைத்த வழக்கம். ஊரார் அத்தனை பேரும் இட்ட மண்ணில்தான் எம் கரை நிற்கிறது.

எம் அமைச்சர் மதிவல்லபனார் நல்லவர். நாட்டின்மேல் உயிரையே வைத்திருப்பவர். ஆனால் சும்மா கிடந்த சங்கை ஊதிக் கெடுத்தான் ஆண்டி என்பார்களே, அந்தக் கதை. சென்ற முறை எவனோ தன் மாட்டின் பெயரை எழுதிக் குடத்தில் இட்டுவிட்டான். அமைச்சருக்கு மனம் பொறுக்கவில்லை. நாட்டைப்பற்றிய வினாக்களுக்கு விடை சொன்னவரே இனி ஓலை இடலாம், தலைமைக்கும் நிற்கலாம் என்று ஆணை எழுதினார். எம் கோமானும் படிக்காமலே ஒப்பினார்.

வினாக்களைக் கேளுங்கள். வடக்கு வாயிலில் காவல் மாறும் பொழுது எது, கொட்டிலில் யானை எத்தனை, களஞ்சியத்து நெல் எவ்வளவு நாள் காணும், கோட்டைச் சுவர் எங்கே தாழ்வு. சொந்த நாட்டைப்பற்றி இதுகூடத் தெரியாதா என்பது அமைச்சரின் எண்ணம்.

குடிகளில் ஒருவரும் தேறவில்லை. ஓடக்காரி பூதி என்பவள், நான் யானைய எண்ணிக்கிட்டிருந்தா ஓடத்த யாரு தள்ளுவா என்று கேட்டுவிட்டுப் போனாளாம். தேறியவர் உப்பு விற்கும் சேந்தன் ஒருவரே. ஒரு விடையும் பிசகவில்லை. கேளாத வினாவுக்கும் விடை சொன்னார். இவனல்லவோ குடிமகன் என்று அமைச்சர் கண்ணீர் மல்கத் தழுவி மாலை சூட்டினார். ஓலை இட்டவர் அவர் ஒருவர். நிற்கத் தக்கவரும் அவர் ஒருவர். ஆகவே ஏரித் தலைவரும் அவரே ஆனார். மாலை வாடுமுன்பே அமைச்சருக்கு உறைத்தது. கேட்டதும் சேந்தனும் மறைக்கவில்லை. அவர் தங்கள் ஒற்றர்.

அதற்காகத் தங்களை நோகவில்லை. எம் ஒற்றரும் தங்கள் மடைப்பள்ளியில் நன்றாக உண்டு நலமாக இருப்பதாகவே கேள்வி. கவலையெல்லாம் கரையைப் பற்றி. இவ்வாண்டு அதில் விழுந்த மண் சேந்தன் இட்ட ஒரே கூடை. மதகருகே நீர் கசிகிறது, வானமும் கருத்துவிட்டது. குடிகளை அழைத்தால், விடை தெரிஞ்சவரே மண்ணு சுமக்கட்டும் என்று கைகட்டி நிற்கிறார்கள். ஆணையை நீக்கலாமென்றால், நீக்கவும் தேறியவரின் இசைவு வேண்டும் என்று அமைச்சரே அதில் எழுதி வைத்திருக்கிறார். சேந்தனோ, எங்க அரசரக் கேக்காம நான் எதுக்கும் தலையாட்ட முடியாதுங்க என்று பணிவாகச் சொல்லிவிட்டார்.

நேற்று அமைச்சர் தாமே மண்கூடையைச் சுமந்து கரைக்கு வந்தார். சேந்தன் வழக்கத்தைச் சொல்லி மறித்து, தேறினால் விடுவதாக உரைத்து, யானை எத்தனை என்று கேட்டார். அமைச்சர் சொன்ன எண் பிழை; முந்தின நாள் பிடி ஒன்று கன்று ஈன்றிருந்தது. கூடையை இறக்கவும் மனமின்றி அவர் கரையடியில் அமர்ந்து அழுததை ஊரே பார்த்தது. திட்ட வந்த பூதியும் திட்டாமல் திரும்பிவிட்டாள்.

ஆகவே எம் கோமான் வேண்டுவது: எம் ஆணையை யாம் நீக்கிக்கொள்ளத் தங்கள் ஒற்றர் இசையுமாறு தாங்கள் கட்டளையிட்டருள்க. கரை உடைந்தால் நீர் முதலில் எம் வயலுக்கும் பிறகு தங்கள் அரண்மனைக்கும் வரும். மறுமொழியைத் தூதரிடம் தராமல் ஒற்றர் வழியிலேயே விடுக்க, அதுவே விரைவு.

இவ்வோலைக்கு இலச்சினை இட்டவர் சேந்தன். இலச்சினை எந்தப் பேழையில் இருக்கிறதென்று அரண்மனையில் அவருக்குத்தான் தெரிந்திருந்தது. அமைச்சர் இன்னும் கரையடியில் கூடையோடுதான் அமர்ந்திருக்கிறார். ஓலை கண்டவுடன் ஆவன செய்க.