குப்பன் என்ற பேரை ஏன் அடித்தீர்கள்?

அன்பு குறையாத, ஆனால் கோபம் தலைக்கேறிய மகள் எழுதுகிறேன், அப்பா.

நீங்கள் போய் மூன்று வருஷம் ஆகிறது. போன மாதம் நம் வேதக்கோயில் ஆண்டு விழாவுக்கு ஜெர்மனியிலிருந்து ஒரு பெண் வந்திருந்தாள். வடக்கனந்தல் பக்கத்துப் பொட்டலில் பதினொரு குடும்பங்களைக் குடியேற்றி நம் ஊரை உண்டாக்கினாரே ஜெர்மன் மிஷனரி ஐயர், அவருடைய கொள்ளுப்பேத்தி. சுருட்டி வைத்திருந்த ஒரு தாளை விரித்து ஏழு தலைமுறைப் பேர்களைக் காட்டினாள். ஐயர் ஏறி வந்த குதிரைக்குக்கூட அதில் பேர் இருந்தது.

உங்கள் முன்னோர் யார் என்று கேட்டாள். நீங்கள் எழுதிய ஊர் வரலாற்றை நீட்டினேன். யோசேப்பு, ஆபிரகாம், தானியேல். இதெல்லாம் என் கொள்ளுத்தாத்தா வைத்த பேர்கள்தானே, அதற்கு முன்னால் என்ன பேர் என்றாள்.

அன்றைக்கே உங்கள் பீரோவைக் குடைந்தேன். ஞானஸ்நான ரிஜிஸ்டரை நீங்கள் நகலெடுத்த நோட்டு கிடைத்தது. அதில் 'பழைய பேர்' என்று ஒரு கட்டம். பதினொரு பேரையும் நீல மையால் அடித்திருக்கிறீர்கள். ரிஜிஸ்டரை அப்போதே கரையான் தின்றுகொண்டிருந்தது, உங்கள் நகல்தான் மிஞ்சும் என்று தெரியும். தெரிந்தும் எப்படி அப்பா கை வந்தது?

ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்ததில் ஒன்று மட்டும் தெரிந்தது. உங்கள் தாத்தா யோசேப்புக்கு நேரே 'குப்பன்'. ஓரத்தில் உங்கள் கையெழுத்து: 'வேண்டாம். நம்மை இழிவுபடுத்த ஆண்டைகள் வைத்த பேர்.' யாரைக் கேட்டு எழுதினீர்கள்?

மதம் மாறாத நம் பங்காளிகள் மணலூர்பேட்டையில் இருக்கிறார்கள் என்று அம்மா எத்தனை முறை சொன்னாள்? ஊர் வரலாறு எழுத ஜெர்மனிக்குக் கடிதம் மேல் கடிதம் போட்டீர்கள். மணலூர்பேட்டைக்கு ஒரு பஸ் ஏறவில்லை. நான் ஏறினேன். குப்பனுடைய தம்பி வழியில் வந்த வள்ளியம்மா கரும்பு வெட்டிவிட்டு அப்போதுதான் வந்திருந்தாள். நீங்கள் எழுதியதைச் சொன்னதும் சிரித்தாள்.

"எந்த ஆண்டையும் வெச்ச பேரு இல்லக்கா அது. பெத்தவ வெச்சது. மூணு புள்ள பொறந்து பொறந்து செத்துப்போச்சு. நாலாவதைக் குப்பமேட்டுல போட்டு, பக்கத்து வூட்டுக்காரிய எடுக்கச் சொல்லி, அவகிட்ட தவிடு குடுத்து வாங்கிக்கினாங்க. குப்பைன்னா எமன் தொடமாட்டானாம். எங்க வூட்ல மூத்தவனுக்கு இன்னும் அந்தப் பேருதான்."

"எங்கப்பா அதை வசவுன்னு நெனச்சிட்டாரு."

"பெரிப்பா படிச்சவருதானே. ஒரு வாட்டி வந்து கேட்டா இன்னா?"

மூன்று பிள்ளைகளைப் புதைத்தவள் நாலாவதைப் பிழைக்க வைக்கச் சூட்டிய பேர் அது. பள்ளிக்கூடத்தில் உங்களைத் தனியாக உட்காரவைத்ததைச் சொல்லி ஒருமுறை அழுதீர்கள். அந்த வலி எனக்குப் புரியாமலில்லை. அதற்கு அவளையா தண்டிப்பீர்கள்?

இப்போது சபைக் கமிட்டி கோயில் வாசலில் கல்வெட்டு வைக்கப்போகிறது. ஐயர் பேர் பெரிய எழுத்தில், கீழே 'மற்றும் பதினொரு குடும்பங்கள்'. பழைய பேர்களும் வேண்டும் என்று நேற்றுக் கூட்டத்தில் எழுந்து கேட்டேன்.

"குப்பன்னு கல்லுல வெட்டுனா புள்ளைங்க சிரிக்கும்மா. உங்கப்பாவே வேணாம்னு வுட்டதுதானே" என்றார் செயலாளர். உங்களைக் காட்டியே என்னை உட்காரவைத்துவிட்டார். அதைத்தான் அப்பா என்னால் தாங்க முடியவில்லை.

மற்ற பத்துக் குடும்பத்துக்கும் எங்காவது பங்காளிகள் இருப்பார்கள். கல்வராயன் மலை அடிவாரம் வரைக்கும் ஊர் ஊராக பஸ் ஏறிக் கேட்பேன். கமிட்டி சம்மதிக்கும்வரை சண்டை போடுவேன். ஆனால் ஒரு கல்லுக்கு எவர் சம்மதமும் எனக்கு வேண்டாம். உங்கள் கல்லறையில் உங்கள் பேருக்குக் கீழே இடம் இருக்கிறது. வருகிற சனிக்கிழமை ஆள் வரச் சொல்லியிருக்கிறேன். 'குப்பனின் பேரன்' என்று அங்கே வெட்டுவேன். நீங்கள் எழுந்து வந்து அடிக்க முடியாது.

இப்படிக்கு,
குப்பனின் கொள்ளுப்பேத்தி,
உங்கள் மகள்.