சந்தனம் வைத்த கண்ணாடித் தட்டு

1982 அக்டோபர், விஜயதசமி

படுத்தும் தூக்கம் வரவில்லை. முத்தையா அண்ணன் மேல் கோபப்படவும் முடியவில்லை.

கீழக்குயில்குடி கண்மாய்க்கரை மண்ணில் கிடைத்த பூஞ்சைகளை எல்லாம் கிருமிகளோடு சேர்த்து வளர்த்துப் பார்த்தேன். ஒன்றே ஒன்றுதான் கிருமிகளை அண்டவிடவில்லை. கண்ணாடித் தட்டின் நடுவில் சாம்பல் நிறப் பூஞ்சை, அதைச் சுற்றித் தெளிந்த வளையம். என்றாவது மருந்தாகியிருக்கலாம். அன்றே அதில் துளி எடுத்து வேறு குழாயில் வளர்த்திருக்க வேண்டும். விஜயதசமியன்று தொடங்கினால் விளங்கும் என்று தள்ளிப்போட்டேன். இதைப் பேராசிரியரிடம் எந்த வாயால் சொல்வேன்?

இன்று காலை ஆய்வகத்தைத் திறந்தால் தட்டுகள் எல்லாம் பளபளவென்று அடுக்கியிருந்தன. ஆய்வக உதவியாளர் முத்தையா அண்ணன் பொரிகடலைப் பொட்டலத்தோடு நின்றார்.

"அண்ணே, என் மேசை மேல ஒரு தட்டு இருந்துச்சே?"

"பூசணம் புடிச்சுக் கெடந்துச்சும்மா. பூசணம் புடிச்ச தட்டைக் கழுவிப்புடணும்னு நீங்கதான சொன்னீக? ஆயுத பூசைக்கு அழுக்கா வைக்கலாமா? அம்புட்டையும் கொதிக்க வச்சுக் கழுவிட்டேன்."

நான்தான் சொன்னேன். பொரியை வாங்கிக்கொண்டேன்.

மறுபடியும் மண் எடுக்கப் போகலாம். ஆனால் போன வார மழையில் அந்தக் கரை தண்ணீருக்குள் கிடக்கிறதாம்.

என் கையால் எண் கீறிய அந்தத் தட்டை வீட்டுக்கு எடுத்து வந்துவிட்டேன். எதிரே இருக்கிறது. பூஞ்சை இருந்த அதே நடுவில் சந்தனம் வைத்து, மேலே குங்குமம் இட்டிருக்கிறார். சுற்றிலும் கண்ணாடி தெளிவாக இருக்கிறது.