ராகு காலத்தில் காலியாகக் கிடந்த மேடை

செவில்லா, ஸ்பெயின்
15.6.92

அன்புள்ள வெள்ளத்தாய்க்கு, கண்ணுச்சாமி எழுதுவது.

நான் சுகம். உன் சுகத்துக்கும், அம்மாவின் மூட்டுவலி எப்படி இருக்கிறது என்பதற்கும் பதில் எழுது.

உலகக் கண்காட்சியில் நம் நாட்டு அரங்கில் எப்போது நடனம், எப்போது சேலை விற்பனை என்று அட்டவணை போடுவது என் வேலை அல்லவா? ராஜபாளையத்தில் பஸ் ஏறும்போது, "எதத் தொடங்குனாலும் நேரம் பார்த்துத் தொடங்குங்க" என்று நீ தந்த தினசரி காலண்டர் மேசைக்கு எதிரே தொங்குகிறது. அதைப் பார்த்துப் பார்த்து, பழக்கத்தில் ராகு காலத்தையெல்லாம் காலியாக விட்டே எழுதியிருக்கிறேன். நேற்று ஞாயிறு. நாலரை மணிக்குக் கூட்டம் நெருக்கியடித்து வந்தது. மேடையில் ஆளில்லை, கடையும் பூட்டு. வந்தவர்கள் அடுத்த நாட்டு அரங்குக்குப் போய்விட்டார்கள்.

டெல்லி மேலாளர் ஏன் என்று கேட்டார். இந்த ஊரில் அதுதான் சாப்பாட்டு நேரம் என்று சொல்லி வைத்தேன். வேலைக்கு ஒன்றும் ஆகாது, பயப்படாதே. நீ பக்கத்தில் இருந்திருந்தால், "ராகு அம்புட்டுத் தூரம் பிளேன்லயா வந்தாரு?" என்று கேட்டுச் சிரித்திருப்பாய். இங்கே சொன்னால் புரிந்து சிரிக்க ஒருவரும் இல்லை.

அட்டவணையை மாற்றிவிட்டேன். காலண்டரைக் கழற்றவில்லை.

யாராவது இங்கே வந்தால் பருப்புப் பொடி கொடுத்துவிடு. இன்னொன்று. அங்கே தினமும் கிழிக்கும் காலண்டர் தாளை எறிந்துவிடாதே. பின்பக்கம் அன்று வீட்டில் நடந்ததை ஒரு வரி எழுதி, வாரத் தாள்களை ஒரே கவரில் போட்டு அனுப்பு. ஒன்றும் நடக்காத நாள் என்றால், ஒன்றும் நடக்கவில்லை என்றே எழுது.

தபால்காரர் வந்துவிட்டார்.

உன்,
கண்ணுச்சாமி