வழியனுப்பும் பாலும் காரின் பின்கண்ணாடியும்

அன்பு மகள் சர்னாய்க்கு உன் அம்மா எழுதுவது. நானும் உன் அப்பாவும், குளிரில் செத்தது போக மிஞ்சிய ஆடுகளும், இந்தக் குளிர்காலத்தை ஒரு பக்கமாகப் பிடித்துத் தள்ளிக்கொண்டிருக்கிறோம், அது நகர்வதாகத் தெரியவில்லை. கொரியாவில் உன் பாடு எப்படி, இருமல் நின்றதா, தொழிற்சாலையில் நாள் முழுக்க நிற்கக் கால் தாங்குகிறதா, எல்லாவற்றுக்கும் பதில் எழுது. முதலில் ஒன்றை ஒப்புக்கொண்டுவிடுகிறேன், தள்ளிப்போட்டால் வெட்கம் வந்துவிடும். கல் தெறித்துக் காரின் பின்கண்ணாடி உடைந்துவிட்டது என்று உன் அண்ணன் சோரிக் போனில் சொன்னானே, அப்படிச் சொல்லச் சொன்னது நான்தான். கல்லும் இல்லை, மண்ணும் இல்லை. நான்தான் உடைத்தேன், அதுவும் பாலை ஊற்றி. சிரித்து முடித்துவிட்டு மேலே படி. அவன் அதைச் சொன்னதுமே போன் அறுந்துவிட்டது, போன் கோபுரம் குளிரில் செத்துப்போச்சு என்கிறார்கள், இன்னும் அதற்கு உயிர் வரவில்லை. நம் ஊர் ஆசிரியரின் மகள் கொரியாவுக்குக் கிளம்புகிறாள், அவளிடம் இதைக் கொடுத்து அனுப்புகிறேன். மூன்றாம் வகுப்போடு ஆட்டுக்குப் பின்னால் போனவளின் எழுத்து இது, வரி மலையேறி இறங்கும், நீயும் கூடவே ஏறி இறங்கிப் படித்துக்கொள்.

உன் அண்ணி உயங்காவின் வயிற்றில் குழந்தை குறுக்கே கிடக்கிறது, வலி வரும்வரை காத்திருக்காமல் மாகாண ஆஸ்பத்திரிக்கு வந்து படுத்துவிட வேண்டும் என்று டாக்டரம்மா சொன்னது உனக்குத் தெரியும். போன குளிர்காலத்தில் அவள் குழந்தையைப் பறிகொடுத்ததும் உனக்குத் தெரியும், அதைத் திரும்ப எழுதக் கை வரவில்லை. போகலாம் போகலாம் என்றிருக்கப் பனிப்புயல் வந்து உட்கார்ந்துகொண்டது, அது எழுந்து போன காலையிலேயே கிளம்பினோம். துப்பினால் தரைக்குப் போவதற்குள் கல்லாகும் குளிர். சோரிக் விடியுமுன்பே காரைக் கிளப்பி, பெண்டாட்டிக்காக உள்ளே அடுப்பு மாதிரி சூடேற்றி வைத்திருந்தான். வழியனுப்பும்போது பால் தெளிக்காமல் என் பிள்ளைகளில் யாரை அனுப்பியிருக்கிறேன், நீ விமானத்துக்குப் போன அன்றுகூட உன் பெட்டியெல்லாம் பால் நாற்றம் என்று முகத்தைச் சுளித்தாயே. பசு வற்றிவிட்டது, இலையுதிர்காலத்தில் தட்டுத்தட்டாக உறையவைத்த பாலில் ஒன்றை எடுத்து உருக்கினேன். உயங்காவுக்குக் காலுறை போட்டுவிடப் போன நேரத்தில் அது கொதித்துவிட்டது. ஆறட்டும் என்று வைத்தால் வெளியே உன் அண்ணன் ஹாரனை அமுக்கி, அம்மா வர்றியா, இல்ல குழந்தை பெரிசாகி அதுவே ஓட்டிட்டுப் போகட்டுமா என்று கத்துகிறான். அந்தக் கோபத்தில் சுடச்சுடக் கிண்ணத்தோடு ஓடினேன். கார் நகர்ந்தது, வழி நல்லபடியாகட்டும் என்று சொல்லி மரக்கரண்டியால் ஒரு வீச்சு வீசினேன், கரண்டி சின்னது, கிண்ணத்தில் இருந்ததும் சேர்ந்தே போய்விட்டது. நம் ஆட்கள் எத்தனை காலமாகக் குதிரையின் பின்புறத்தில் பாலைத் தெளித்து அனுப்பியிருக்கிறோம், ஒரு குதிரையாவது உடைந்திருக்கிறதா? கண்ணாடி முதலில் வெளுத்தது, ஒரு மூச்சு விடும் நேரம் அப்படியே நின்றது, பிறகு மொத்தமும் கற்கண்டு கொட்டின மாதிரி உள்ளே கொட்டிவிட்டது.

சோரிக் இறங்கி வந்து பார்த்தான், என்னைப் பார்த்தான், ஆசீர்வாதம் பண்ணச் சொன்னா அடிச்சு நொறுக்கிட்டியேம்மா என்றான். நான் சிரித்துத் தொலைத்தேன், பயந்தால் எனக்குச் சிரிப்புதான் வரும். உயங்கா சிரிக்கவில்லை. இறங்கினாள், நேரே நம் கூடார வீட்டுக்குள் போய்க் கட்டிலில் உட்கார்ந்துவிட்டாள். போகல அத்தை, வழிக்குத் தெளிச்ச பாலே இப்படிப் பண்ணுச்சுன்னா இது போகாதேன்னுதான் சொல்லுது, இந்த ஒண்ணையாவது நான் வீட்டுலேயே பெத்துக்கறேன் என்றாள். குறுக்கே கிடக்கும் பிள்ளையை வீட்டில் பெறுவதாம். சோரிக் கெஞ்சினான், அப்புறம் கத்தினான், ரெண்டும் ஆகவில்லை. நான், அடி பொண்ணே, பாலுக்கு ஒண்ணும் தெரியாது, உன் மாமியாளுக்குத்தான் பொறுமை இல்ல, அந்தச் சகுனம் உனக்குக் கல்யாணத்தன்னிக்கே தெரிஞ்சதுதானே என்றேன். வழக்கமாக இதற்கெல்லாம் ஒரு பதில் வைத்திருப்பாள். அன்று அழுகைதான் வந்தது. இவளை உட்காரவைத்துவிட்டது என் பால்தான் சர்னாய்.

உன் அப்பா அதுவரை அங்கே இருப்பதே தெரியவில்லை. தான் படுக்கும் தைத்த கம்பளி விரிப்பை உருவிக் காருக்குப் பின்னால் கொண்டுபோய் அளவு பார்த்து, கத்தியால் கிழித்துக் கண்ணாடி இருந்த இடத்தில் அடைத்தார். ஒட்டகமயிர்க் கயிற்றைப் பின்கதவு ஜன்னல்கள் வழியாக உள்ளே விட்டு வெளியே இழுத்து, கூடாரத்தைக் கட்டுகிற மாதிரியே கட்டினார். அப்புறம் உள்ளே வந்து உயங்காவிடம், ஏதாவது உடையணும்னு இருந்தா அது உடைஞ்சுபோச்சு, வெளியிலேயே உடைஞ்சுபோச்சு, எழுந்து வாம்மா என்றார். என்னோடு குடித்தனம் நடத்திய காலத்தில் மனுஷர் ஒரே மூச்சில் இவ்வளவு பேசி நான் கேட்டதில்லை. அவள் மூக்கை உறிஞ்சிக்கொண்டு, அப்படின்னா மறுபடி தெளிங்க மாமா, ஆனா ஆற வெச்சு, அத்தை கையால வேணாம் என்றாள். என் வீட்டிலேயே எனக்கு மரியாதை இவ்வளவுதான்.

ஆண்பிள்ளை பால் தெளித்து நீ பார்த்திருக்கிறாயா, நானும் அன்றுதான் பார்த்தேன். உன் அப்பா கரண்டியைச் சாட்டை பிடிக்கிற மாதிரிப் பிடித்துக்கொண்டு, ஒரு துளிகூடக் காரில் பட முடியாத தூரத்துக்கு, ஆட்டுப்பட்டியையும் தாண்டிப் போய் நின்றுகொண்டார். ஆஸ்பத்திரிக்கு நானும் காரில் கூடப் போனேன், கம்பளியை உள்ளேயிருந்து யாராவது அணைத்துப் பிடிக்காவிட்டால் கார்ப் புகை உள்ளே வந்துவிடும் என்றான் சோரிக். கயிறு இழுத்துக் கட்டிய பின்கதவு திறக்காதல்லவா, முன்கதவு வழியாக இருக்கைக்கு மேல் ஏறிப் பின்னால் விழ வேண்டும். நான் எவ்வளவு ஒல்லி என்று உனக்குத் தெரியும். உன் அண்ணன் பிடித்துத் தள்ளினான், உயங்கா அந்த அழுகையிலும் வாயைப் பொத்திக்கொண்டாள். அவர் தெளித்ததை நான் பார்க்கவில்லை, திரும்பினால் கம்பளிதான் தெரிந்தது.

வழியைப் பற்றி அதிகம் எழுத மாட்டேன், எழுதினால் மறுபடி முதுகு விறைக்கிறது. அந்தக் கம்பளியில் முதுகைக் கொடுத்து உட்கார்ந்தவள் ஆஸ்பத்திரி இருக்கும் ஊர் வரைக்கும் அப்படியே உட்கார்ந்திருந்தேன். ஒவ்வொரு குழியிலும் ஒரு மூலை பிரியும், புகையும் குளிரும் சேர்ந்து உள்ளே வரும், நிறுத்தி எல்லாக் காற்றையும் வெளியே விட்டு மறுபடி கட்ட வேண்டும். கணவாய்க்கு மேலே வழித்தெய்வத்தின் கல்குவியலைச் சுற்றி வரக்கூட இறங்கவில்லை, அதற்குப் பதிலாக சோரிக் ஹாரனை மட்டும் மூன்று தரம் அடித்துவிட்டுப் போனான். கணவாய் இறங்கும்போது உயங்கா இருக்கையின் ஓரத்தை இறுகப் பிடித்துக்கொண்டாள். கொஞ்சம் கழித்து, அத்தை, ஆரம்பிச்சிடுச்சுன்னு நினைக்கிறேன் என்றாள். சோரிக்கின் காது வெளுத்துப்போனது எனக்குப் பின்னாலிருந்தே தெரிந்தது. ஏதாவது பேசுங்க அத்தை, வாய மூடாதீங்க என்றாள் அவள். மாமியாரைப் பார்த்து இப்படிச் சொன்ன மருமகள் நம் மாகாணத்திலேயே இவள் ஒருத்திதான் இருப்பாள். நானும் பேசினேன். உன் அண்ணன் சின்ன வயதில் ஆட்டுக்கிடாவிடம் முட்டு வாங்கியது, நீ பள்ளிக்கூட விடுதியிலிருந்து ஓடிவந்து உலர்ந்த சாணிக் குவியலுக்குள் ஒளிந்தது, எல்லாம். உன் மானம் போய்விட்டது, மன்னித்துக்கொள். பேசப் பேச உதடு வெடித்தது, என்ன பேசுகிறேன் என்று எனக்கே தெரியவில்லை, அவள் ம் என்று சொல்கிறாளா என்பதில் மட்டும் காதை வைத்திருந்தேன்.

இருட்டுமுன் போய்ச் சேர்ந்தோம். எங்களைப் பார்த்ததும் டாக்டரம்மா, உங்க ஊர்க்காரங்க எல்லாம் வாசல்ல வந்து பெத்துக்கலாம்னுதான் வர்றீங்களா என்று சத்தம் போட்டுக்கொண்டே அவளைத் தள்ளிக்கொண்டு போனார். கதவைச் சாத்திவிட்டார்கள். தாழ்வாரத்தில் நின்று அங்கியை உதறினேன், கழுத்துப் பட்டியிலிருந்து கண்ணாடித் துண்டுகள் சிந்தின, கூட்டுகிற அம்மா திட்டினாள், இன்னும் கொஞ்சம் திட்டட்டும் என்றிருந்தது, அந்த நேரத்தில் யாராவது பேசிக்கொண்டிருந்தால் போதும். சோரிக் சுவரைப் பார்த்து நின்றான். பிறகு கதவு திறந்தது. வயிற்றைக் கிழித்துத்தான் எடுத்தார்கள், பெண், இருவரும் பிழைத்துக்கொண்டார்கள். இதைப் படித்து நீ அழுவாய், அழு, நான் அங்கே அழவில்லை, பெஞ்சில் உட்கார்ந்தபடியே தூங்கிவிட்டேன். உட்கார்ந்த இடத்திலிருந்து எழுப்பி நிற்கவைக்க உன் அண்ணனும் கூட்டுகிற அம்மாவும் தேவைப்பட்டார்களாம்.

வீடு வந்து நாளாகியும் அந்த அலுப்பு போகவில்லை, ஆடுகளும் தினம் ஒன்றிரண்டு சாய்கின்றன, உன் அப்பா அவற்றைக் கூடாரத்துக்குப் பின்னால் அடுக்குகிறார், இரவில் பாதி விரிப்பில் படுக்கிறார், மீதி இன்னும் காரில்தான் இருக்கிறது. உயங்கா தையல் பிரித்ததும் வருவாள். குழந்தை ரொம்ப அசிங்கம், சப்பை மூக்கு, யார் கேட்டாலும் அப்படியே சொல், அழகு என்று வாய் தவறியும் சொல்லிவிடாதே, எது கேட்டுக்கொண்டிருக்குமோ தெரியாது. நீ குளிரில் தலையை மூடிக்கொண்டு போ, சுடுதண்ணீரை எந்தக் கண்ணாடியிலும் ஊற்றாதே. போன தடவை போனில் உனக்குப் பின்னால் ஒரு ஆண் இருமல் கேட்டதே, அவனுக்கும் ஒரு கம்பளிக் காலுறை பின்னியிருக்கிறேன், கால் அளவு தெரியாததால் பெரிதாகவே பின்னினேன், பெயரை மட்டும் எழுது. உன் வழி பால்போல் வெண்மையாக இருக்கட்டும், உன் நெருப்பு அணையாமல் இருக்கட்டும், சம்பளத்தில் எங்களுக்கு அனுப்புவதைக் குறைத்துக்கொண்டு நன்றாகச் சாப்பிடு.

உன்னை நினைத்துக்கொண்டிருக்கும்
அம்மா நோர்ஜ்மா

மறந்துவிட்டேன். ஆஸ்பத்திரியில் நர்ஸ் எடுத்துக் கொடுத்த படத்தை இதோடு வைத்திருக்கிறேன். உறை ஒட்ட மாவு கரைத்துக்கொண்டிருந்தபோது அடுப்போரம் கட்டியிருந்த ஆட்டுக்குட்டி படத்தில் பாதியைத் தின்றுவிட்டது. உன் அண்ணன் முழுவதும் போய்விட்டான், உயங்கா கழுத்துவரை போய்விட்டாள். குழந்தை இருக்கிறாள்.